பாப்பா சிரிக்கக் கூடாத சனிக்கிழமை

பாப்பாவுக்கு ஐம்பத்தாறு வயதில் ஒரே ஒரு வியாதிதான். சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, முட்டி வலிகூட மழை நாளில் மட்டும்தான் எட்டிப் பார்க்கும். அவள் வியாதி சிரிப்பு. பெண் பார்க்க வருகிறவர்கள் சிரித்த முகம் என்று மெச்சுவார்களே, அந்த ரகம் அல்ல. முதலில் மூக்கு விடைக்கும். அடுத்து தோள் இரண்டும் குலுங்கும். அதற்குள் யாராவது அவளை வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் சேவல் கூவுவது போல ஒரு சத்தம் தொண்டையிலிருந்து கிளம்பும். கிளம்பிவிட்டால் அதை நிறுத்த அவளாலேயே முடியாது.

மலேசியாவில், செமோருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினைந்து வயதுப் பெண்ணாக இருந்தபோதே இது தொடங்கிவிட்டது. விடிகாலைப் பெரட்டு. ஆட்கள் வரிசையாக நிற்க, வேலை பிரித்துக் கொடுக்க வந்த புது மேனேஜர் ஒரு காலி வாளிக்குள் காலை விட்டுவிட்டார். காலில் மாட்டிய வாளியோடு, ஒன்றுமே நடக்காதது போல, கௌரவமாகப் பெயர் வாசித்துக்கொண்டு போனார். நூறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாப்பா மட்டும் சேவலானாள். அதன் பிறகு ஒரு மாதம் அவள் அப்பாவுக்கு மலை உச்சியில் இருக்கும் மர வரிசைதான், அந்த நெறைதான் கிடைத்தது. தினமும் ஏறி இறங்கி மரம் சீவிவிட்டு வந்த மனுசன், வீட்டுக்குள் நுழைந்ததும், "வாளி எந்தக் கால்லடி மாட்டியிருந்துச்சு?" என்று கேட்டு அவரும் சிரிப்பார்.

தோட்டம் விற்றுப்போய் அங்கே தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் எழும்பிய பிறகு, கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்தாள். இருபது வருடமாக ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் நாசி லெமாக் தேங்காய்ச் சோறு மடிக்கிறாள். மடிக்கிற தாள் பழைய தமிழ் பேப்பர். பாப்பா ஒரு தாளையும் வாசிக்காமல் மடித்ததில்லை. சாமி புறப்பாடு, சாவு அறிவிப்பு, மூலிகை எண்ணெய் விளம்பரம், எல்லாம் எழுத்து எழுத்தாக. இதனால் வியாதி முற்றியதுதான் மிச்சம். எங்கே எழுத்துப் பிழை இருந்தாலும் அவள் கண்ணுக்கு அது முதலில் தெரிந்துவிடும். கோயில் வாசலில் 'காலனிகளை இங்கே விடவும்' என்று எழுதி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் நம்மை விட்டுப் போனது இப்படித்தானா என்று கேட்டுவிட்டு, அர்ச்சனைத் தட்டோடு வெளியே வந்து உட்கார்ந்து சிரித்தாள். பெரியப்பா செத்தபோது கட்டிய பேனரில் 'தண்ணீர் அஞ்சலி' என்று அச்சாகிவிட்டது. பெரியப்பா தண்ணி போடாத நாளே கிடையாது. அன்று பாப்பாவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். துக்கம் தாளவில்லை என்று ஊர் நினைத்தது நல்லதாகப் போயிற்று.

இப்பேர்ப்பட்ட பெண்பிள்ளையிடம்தான், அந்தச் சனிக்கிழமை காலை, காருக்குள் வைத்து மகன் பவித்ரன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்லா. சிரிச்சுடாதம்மா."

"நான் என்னடா பைத்தியமா? சும்மா சும்மா சிரிப்பேனா?"

"சும்மா சிரிக்க மாட்டே. அதான் பயமா இருக்கு."

காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்பா உடையப்பன். முப்பது வருடம் செம்பனை லாரி ஓட்டிய மனுசன். பேச்சு குறைவு, ரோக்கோ என்கிற சிகரெட் அதிகம். பிடிக்காமல் ஒரு மணி நேரம் ஆனால் தாடையைச் சொறிய ஆரம்பித்துவிடுவார். அப்போது சொறிந்துகொண்டுதான் இருந்தார்.

பவித்ரனின் பயத்தில் நியாயம் இருந்தது. அவன் மருந்துக்கடையில் மருந்தாளர். அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட சுபாஜினி பல் டாக்டர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவளுடைய அப்பா அருளம்பலம், நில அளவை ஆபீசில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சுபாஜினி தெளிவாகச் சொல்லிவிட்டாள்: அப்பா சரி என்று சொல்லாமல் தாலிக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன். அப்பாவோ, பையனைப் பார்த்தாயிற்று, தாய் தகப்பனையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். இன்றைக்குப் பார்க்கப் போகிறார். "எங்கப்பா சிரிச்சு நான் பார்த்ததே இல்ல ஆன்ட்டி" என்று அந்தப் பெண் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

பாப்பாவுக்கு அவர்மேல் ஏற்கனவே ஒரு முள் தைத்திருந்தது. போன வாரம் போனில் பேசும்போது, அவர் மிக மரியாதையாகக் கேட்டார்: "மிஸஸ் உடையப்பன், நீங்கள் தோட்டத்துப் பக்கம் எண்டு சொல்லிச்சினம். தமிழ் வாசிப்பீங்களோ?" பாப்பா, "ஏதோ கொஞ்சம் வரும்ண்ணே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அன்று மடித்த நாசி லெமாக்கை எல்லாம் செங்கல் மாதிரி இறுக்கி மடித்தாள். கோபம்தான். ஆனால் மகன் முகத்தைப் பார்த்தால் கோபம் எங்கே நிற்கும்? அவனுக்காக அந்த ஒரு நாள் வாயைத் தைத்துக்கொண்டு இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

சந்திக்கிற இடம் யார் வீடும் இல்லை. பழைய ஈப்போவில், புகையிலைத் தவுக்கே மாளிகை என்று சொல்வார்களே, அது. நூறு வருடத்துக்கு முன்னால் புகையிலை விற்றுப் பெரும்பணம் சேர்த்த சீன வணிகர் கட்டியது. முன்பக்கம் கடை, பின்னால் வீடு, நடுவில் வானம் பார்த்த முற்றம். இடிந்து கிடந்ததைப் புதுப்பித்து, அடுத்த வாரம் பெரிய மனிதர்களை வைத்துத் திறக்கப் போகிறார்கள். புதுப்பித்த குழுவில் அருளம்பலம் ஒரு உறுப்பினர். முன்னோட்டமாக இன்று குடும்பங்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்.

"காடி போட எடமே இல்லலா. நீங்க எறங்கிப் போங்க, நான் போட்டுட்டு வாரேன்" என்றார் உடையப்பன். சனிக்கிழமை ஈப்போவில் காருக்கு இடம் கிடைப்பதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். அம்மாவும் மகனும் கடைவரிசை நடைபாதையான அஞ்சடியில் இறங்கினார்கள்.

அருளம்பலம் வாசலிலேயே நின்றார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பையில் சிவப்புப் பேனா, அளந்து வெட்டிய மீசை. பக்கத்தில் மனைவி செல்லாச்சி, அந்தப் பக்கம் சுபாஜினி.

"வாருங்கோ மிஸஸ் உடையப்பன். நேரத்துக்கு வந்திட்டியள். மிஸ்டர் எங்கை?"

"காடி போட எடம் தேடுறாருண்ணே."

"நல்லது. நாங்கள் கடையிலயிருந்து தொடங்குவம். முதல்லை ஒண்டு சொல்லோணும். இந்த வீட்டிலை மலாய், சீனம், ஆங்கிலம் மூண்டிலையும் பலகை போட்டிருந்தினம். தமிழ் இல்லை. இஞ்சை புகையிலை வாங்கின ஆக்களிலை பாதிப்பேர் தமிழர். நான் கூட்டத்திலை சண்டை பிடிச்சு, எல்லாத்துக்கும் என்ரை கையாலை தமிழ் எழுதிக் குடுத்தனான். முந்தநாள்தான் பூட்டினவங்கள்."

"இவருக்கு வீட்டிலையும் இதுதான் வேலை" என்றாள் செல்லாச்சி. "நான் எழுதுற சாமான் துண்டுக்கும் சிவப்புப் பேனையாலை திருத்தம் போடுவார். வெண்டிக்காய்க்கு எத்தினை சுழி எண்டு கேட்டால் நான் எங்கை போறது?"

பாப்பாவுக்கு அந்தம்மாவைப் பார்த்த நிமிடமே பிடித்துப்போயிற்று. மூக்கு லேசாக விடைத்தது. பவித்ரன் அம்மாவின் முழங்கையைத் தொட்டான். மூக்கு அடங்கியது.

கடைக்குள் நுழைந்தார்கள். நீளமான தேக்கு மேசை, பித்தளைத் தராசு, கண்ணாடிச் சாடிகளில் பொன்னிறமாகவும் கறுப்பாகவும் நறுக்கிய புகையிலை, சுற்றிப் பிடிக்கக் கட்டுக்கட்டாக நீப்பா இலை. வெல்லம் காய்ச்சிய வீட்டில் ஈரச் சாக்கைப் போட்டு வைத்தது போன்ற ஒரு வாசனை. மேசைக்குப் பின்னால் ஒரு சீனக் கிழவி, தவுக்கே வீட்டுப் பழைய வேலைக்காரியின் மகளாம், வருபவர்களுக்குப் புகையிலை நறுக்கிக் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் தலைக்குமேல் புகையிலை என்று மூன்று மொழியில் பெரிய பலகை. அதன் கீழே புத்தம்புது மரப்பலகை, தங்க எழுத்து.

பாப்பா வாசித்தாள்.

'புகை இல்லை.'

மறுபடி வாசித்தாள். ஒரு கடை நிறைய, கூரை முட்டப் புகையிலையை அடுக்கி வைத்து, மேலே தங்க எழுத்தில் 'புகை இல்லை'. சரக்கு தீர்ந்துபோன கடைக்காரன் மாட்டி வைத்தது போல.

மூக்கு விடைத்தது. தோள் குலுங்கத் தொடங்கியது.

சுற்றிலும் பார்த்தாள். வேறு யாராவது கவனித்தார்களா? சுபாஜினி மலாய்ப் பள்ளியில் படித்தவள், தமிழ் பேசுவாள், வாசிக்க மாட்டாள். பவித்ரன் தமிழ்ப்பள்ளிதான். ஆனால் சுபாஜினி பக்கத்தில் நிற்கும்போது அவனுக்கு வேறு எழுத்து எதுவும் தெரியாது. செல்லாச்சி, "கண்ணாடியைக் காருக்குள்ளை விட்டிட்டு வந்திட்டன், எல்லாம் மங்கலா வடிவாத்தான் இருக்கு" என்றாள். எழுதிய மகராசனோ பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தான் எழுதியதை ஒருவன் திரும்பிப் பார்ப்பானா?

"ஒரு பிழை காட்டுங்கோ பாப்பம்!" என்றார் அருளம்பலம், கையை விரித்து. "இந்த வீடு முழுக்கத் தேடினாலும் ஒற்றெழுத்துக் கூட மிஸ் ஆகாது. இண்டைக்கு ஆர் தமிழைக் கவனிச்சு எழுதினம், சொல்லுங்கோ மிஸஸ் உடையப்பன்?"

பாப்பா பதில் சொல்ல வாயைத் திறந்திருந்தால் சேவல்தான் வந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினாள். தொடையைக் கிள்ளிக்கொண்டாள். செத்துப்போன அம்மாவை நினைத்தாள். அம்மாவும் அந்தப் பலகையைப் பார்த்துச் சிரித்தாள். தோட்டத்து லயத்தை இடித்த நாளை நினைத்தாள்; இடித்த இடத்திலும் 'புகை இல்லை' என்று பலகை நின்றது. பெரியப்பாவை நினைத்தது பெரும் தப்பு. கண்ணில் நீர் முட்டியது. சொல்லிவிடலாமா? சொல்லத் தொடங்கினால் பாதியில் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால், தோட்டத்துக்காரி தன் தமிழைப் பார்த்துச் சிரித்தாள் என்று மனுசன் கோபித்துக்கொண்டு போய்விடுவார். மகன் கல்யாணம் ஒரு 'ல்'லில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் சீனக் கிழவி ஒரு சிட்டிகை கறுப்புப் புகையிலையை நீட்டி, "மாவ் ச்சூபா?" என்று மலாயில் கேட்டாள். பார்க்கிறாயா என்று. முகர்ந்து பார்க்கத்தான் கொடுத்தாள். பாப்பா வாங்கி வாய்க்குள் போட்டுக்கொண்டாள். வாய் நிறையப் புகையிலை இருந்தால் சிரிக்க முடியாதல்லவா? கொழுக்கட்டை போட்டு அடைப்பது போல அடைத்துவிட்டாள்.

வழி நல்ல வழிதான். ஆனால் பாப்பா பிறந்ததிலிருந்து வெற்றிலைகூடப் போட்டதில்லை. ஒரு மிடறு சாறு உள்ளே இறங்கியது. காது சூடாகியது. தேக்கு மேசை மெதுவாக மிதந்தது. சாடிகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு கும்மி அடிக்க ஆரம்பித்தன. அருளம்பலத்துக்கு இரண்டு மீசை தெரிந்தது. இரண்டும் அளந்து வெட்டியவை.

"ஏன் உங்களுக்கு இப்பிடி வேர்க்குது?" என்று செல்லாச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ம்ம்ம்" என்றாள் பாப்பா.

"அம்மா கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றான் பவித்ரன். அவன் பிறந்து இருபத்தொன்பது வருடத்தில் சொன்ன ஆகப் பெரிய பொய் அது.

"பண்பான மனுசி" என்று அருளம்பலம் தலையசைத்தார். "ஒரு வார்த்தை கூடுதலாக் கதைக்கேல்லை. எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு."

பாப்பாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே கதவில் முட்டிக்கொண்டு நின்றன. பிடித்திருக்கிறதாம்! இன்னும் பத்து நிமிடம், பத்தே நிமிடம் அடக்கிவிட்டால் மகனுக்குக் கல்யாணம். செல்லாச்சியின் தோளைப் பிடித்தபடி, கடல்மேல் நடப்பது போல, முற்றத்தை ஒட்டிய கூடத்தில் நடந்தாள். தவுக்கே உட்கார்ந்த கருங்காலி நாற்காலியில் 'அமராதீர்'. தவுக்கே துப்பிய வெண்கலப் படிக்கத்தில் 'தொடாதீர்'. எல்லாம் சுத்தமான தமிழ். பிழையே இல்லை. கடையில் மட்டும் எப்படி இப்படி ஆயிற்று என்று அவள் சுழலும் தலைக்குள் யோசித்துக்கொண்டிருந்தபோது, அருளம்பலம் மூக்கை உயர்த்தினார்.

"ஆரோ புகைக்கினம்!"

முற்றத்துக்கு ஓடினார். எல்லாரும் பின்னால் ஓடினார்கள். முற்றத்துச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து, புகைக்கத் தடை சொல்லும் மற்ற மொழிப் பலகைகளைக் கழற்றிக் கீழே சாய்த்திருந்தார்கள். தமிழ்ப் பலகை ஒன்றுதான் தங்கமாக மின்னியது. அதன் அடியில், பின்சந்தில் காரைப் போட்டுவிட்டுப் பின்கதவு வழியாக வந்த உடையப்பன், சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, சொர்க்கத்தில் இருப்பவர் போல ரோக்கோ பிடித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர்! ஆர் நீங்கள்? என்ன செய்யிறியள் இஞ்சை? கண்ணுக்கு முன்னாலை எழுதியிருக்கு, வாசிக்கத் தெரியாதோ?"

"படிச்சுட்டுதாண்ணே பத்த வச்சேன்" என்றார் உடையப்பன், பணிவாக. "தமிழ்லயே போட்டு வச்சிருக்கீங்க, சந்தோசம்ண்ணே."

"என்னெண்டு எழுதியிருக்கு? வாசியுங்கோ பாப்பம்!"

உடையப்பன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக நிமிர்ந்து நின்று விரல் வைத்து வாசித்தார். "பு, கை, யி, லை. புகையிலை."

"புகை இல்லை!"

"இல்லைண்ணே. புகையிலை."

"இல்லை எண்டுதான் நான் எழுதினது!"

"அதான் இல்லைண்ணே. 'இல்லை' இல்லை. ஒரு 'ல்' கொறையுதேண்ணே."

அதற்கு மேல் அடக்கப் பாப்பாவிடம் ஒன்றுமில்லை. இரண்டு பலகையும் இடம் மாறிவிட்டது அந்த நொடியில்தான் அவளுக்குப் புரிந்தது. தமிழ் தெரியாத எவனோ ஒரு வேலையாள், பார்க்க ஒன்று போலவே இருக்கிறதே என்று அதை இங்கேயும் இதை அங்கேயும் மாட்டியிருக்கிறான். ஓடிப்போய்ப் படிக்கத்தின் முன் குனிந்தாள். தொடவில்லை. துப்பினாள். நிமிர்ந்தாள். சேவல் கூவியது.

முற்றத்தைப் பார்த்துக் கூவினால் எப்படி இருக்கும்! நாலு சுவரிலும் அடித்து, மாடிக்கு ஏறி, வானத்துக்குப் போனது. பவித்ரன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "போச்சு" என்ற ஒரு சொல் விரல் இடுக்கு வழியாக வந்தது. உடையப்பன் ரோக்கோவைச் செருப்பில் தேய்த்து அணைத்துவிட்டு, "இவதாண்ணே என் சம்சாரம். நீங்க யாருண்ணே?" என்றார்.

அருளம்பலம் அண்ணாந்தார். பலகையைப் பார்த்தார். திரும்பிக் கடைப் பக்கம் விறுவிறுவென்று போனார். போன வேகத்தில் பாதிகூட இல்லாமல் திரும்பி வந்தார். 'அமராதீர்' என்று தானே எழுதி வைத்த நாற்காலியில் அமர்ந்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று யாரும் சொல்லத் துணியவில்லை.

"மிஸஸ் உடையப்பன், நீங்கள் கடையிலையே கண்டனீங்களோ?"

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்ல வரவில்லை. "பாத்தேண்ணே."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா சிரிச்சுடுவேன். சிரிச்சா நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிடுவீங்க. எம்மவன் பாவம்ண்ணே, அந்தப் புள்ளய ரொம்ப ஆசப்படுறான். அதான் வாய்ல பொகையிலயப் போட்டு அடச்சுக்கிட்டேன்."

அவர் குனிந்துகொண்டார். மீசை நடுங்கியது. தோள் நடுங்கியது. ஐயோ, பெரிய மனுசனை அழ வைத்துவிட்டோமே என்று பாப்பா பதறினாள். அடுத்த வாரம் திறப்பு விழாவில் ஊரே பார்த்திருந்தால் அவமானம் யாருக்கு, அதை நினைத்து அழுகிறார் போலும். கிட்டே போனாள்.

அழவில்லை. துருப்பிடித்த பம்பில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு கரகரப்பு வருமே, அப்படி ஒரு சத்தம். பிறகு வந்தது பாருங்கள். "புகையிலை வாங்க வந்தவனுக்கு... புகை இல்லை... புகைக்க வேண்டாம் எண்டு வந்தவனுக்கு... புகையிலை..." என்று நாற்காலியின் கையில் அடித்து அடித்துச் சிரித்தார். சிவப்புப் பேனா பையிலிருந்து விழுந்து உருண்டது.

"அப்பா!" என்றாள் சுபாஜினி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கலியாணம் முடிச்ச புதுசிலை இப்பிடித்தான் சிரிப்பார்" என்றாள் செல்லாச்சி. "ஒபிஸிலை பெரியாளா வந்தாப் பிறகு நிண்டு போச்சு. நானும் மறந்தே போனன்."

உடையப்பன் காரிலிருந்து திருப்புளி கொண்டுவந்தார். இரண்டு பலகையையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினார். பாப்பா கீழே நின்று, இன்னும் கொஞ்சம் சுற்றிக்கொண்டிருந்த தலையை ஒரு கையால் பிடித்தபடி, எழுத்து எழுத்தாக வாசித்துச் சரி சொன்னாள். அருளம்பலம் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீனக் கிழவி ஒன்றும் புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாருக்கும் ஒரு சிட்டிகை நீட்டினாள். யாரும் வாங்கவில்லை. கல்யாணப் பேச்சைப் பற்றி அருளம்பலம் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. ஆலோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிப் போனார்.

ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு வாரம் ஆயிற்று. பவித்ரன் சரியாகச் சாப்பிடவில்லை. பாப்பா கேன்டீனில் ஒரு தாளையும் வாசிக்காமல் மடித்தாள். சிரிப்பு வருமோ என்று பயம். எல்லாம் தன் வாயால் கெட்டது என்று படுத்தால் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை தபாலில் ஒரு கவர் வந்தது. அனுப்பியவர் அருளம்பலம். உள்ளே மஞ்சள் தடவிய மூலையோடு ஒரு கல்யாணப் பத்திரிகை, அச்சுக்குப் போவதற்கு முந்தைய மாதிரி. மணமகள் சுபாஜினி, மணமகன் பவித்ரன். ஓரத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு குறிப்பு: 'தங்கச்சி பார்த்துச் சரி சொன்ன பிறகே அச்சடிக்கப்படும்.'

தங்கச்சி! மிஸஸ் உடையப்பன் எங்கே போனாளோ தெரியவில்லை. பாப்பா தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம் போல எழுத்து எழுத்தாக வாசிக்கத் தொடங்கினாள். பிள்ளையார் துணை சரி. தேதி சரி. மண்டபம் சரி. பெரியவர்கள் பெயரெல்லாம் சரி. கடைசி வரிக்கு வந்தாள்.

'சுற்றமும் நட்பும் சூழ அனைவரும் வறுக, வறுக.'

மூக்கு விடைத்தது. அதே நேரம் போன் அடித்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் ஹலோ என்ற சொல் இல்லை. துருப்பிடித்த பம்பின் கரகரப்பு மட்டும் கேட்டது. அதற்கு நடுவே, தன்னைத்தானே அடக்க முடியாத ஒரு குரல் கேட்டது.

"தங்கச்சி, கண்டனீங்களோ?"